கேள்வி பதில்: டிரம்மைத் தேய்த்தீர்களா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டெங்கு பற்றியவைதான், அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக வேலை பார்த்த காலத்தில் கண்டதையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீடு எப்போதும் பளிச்சென்று இருக்கும். பக்கத்தில் சாக்கடைகூடக் கிடையாது. ஆனாலும் கொசுப்புழு பார்க்கிறோம் என்று வரும் பெண்கள் சமையலறை வரை வந்து குடம், அண்டா எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிறார்கள். சாக்கடை ஓரத்தில் இருக்கும் வீடுகளில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே?
— இல்லத்தரசி, தாம்பரம்

அம்மா, முன்பின் தெரியாதவர் அடுப்படி வரை வந்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் சரியான வீட்டுக்குத்தான் வருகிறார்கள். ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூங்கவிடாமல் கடிக்கிறதே, அந்தக் கியூலெக்ஸ் கொசுதான் சாக்கடையில் பெருகுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, அது தேடிப் போய் முட்டையிடுவது உங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி தெளிந்த, அசையாத தண்ணீரில். பளிச்சென்ற வீட்டில் மூடாமல் வைத்த ஒரு அண்டா போதும்.

இதில் உங்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ‘சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்திருப்போம், டெங்குவை விரட்டுவோம்’ என்று வருஷக்கணக்காகச் சுவரில் எழுதினால், படிக்கிறவர் குப்பையையும் சாக்கடையையும்தான் நினைப்பார். தன் வீட்டுக் குடம் ஞாபகத்துக்கே வராது. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்ன பிரசாரம் அது, அதனால்தான் இத்தனை வருஷம் ஆகியும் உங்களைப் போல அக்கறையாக வீட்டை வைத்திருப்பவர்களுக்கே சேதி போய்ச் சேரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். கரித்தூள் ஒட்டின மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அந்த முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடித்தால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து உள்சுவரை, முக்கியமாக விளிம்பை, அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், வாரம் ஒரு தடவை தேய்த்துவிட்டால் எந்தப் புழுவும் கொசுவாகாது.

அந்தப் பெண்கள் அடுத்த முறை வரும்போது கூடவே நின்று பாருங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், உருகின தண்ணீர் வந்து சேருகிற தட்டு. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை இழுத்து டார்ச் அடித்தால், புழு இருந்தால், தலை கீழாகத் தொங்கிக்கொண்டு வாலை நீர்மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சம் பட்ட உடனே நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும், கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக மேலே வரும். தன் வீட்டுத் தட்டில் இதை ஒரு தடவை பார்த்தவருக்கு அப்புறம் நோட்டீஸ் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்கிறார்கள். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒரு தடவை, கோடையில் அதுவும் தள்ளிப்போகும். டிரம், குடம், சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியுமா? சொல்கிறவர்களுக்கு இது தெரியாதா?
— ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

நீங்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். வாரம் ஒருமுறை தண்ணீர் விடுகிற ஊரில் போய் ‘தண்ணீர் தேக்காதீர்’ என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது மக்களைக் கேவலப்படுத்துவது. கேட்கிறவர், ‘இவர்களுக்கு நம் கஷ்டம் எதுவும் தெரியாது’ என்று முடிவு கட்டிவிடுவார், அதற்குப் பிறகு அதே மைக்கில் வருகிற நல்ல சேதியும் காதில் ஏறாது.

டெங்கு மழைக்கால நோய் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாதி உண்மை. மழை பெய்தால் டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல் குழி, மொட்டைமாடியில் போட்ட உடைந்த வாளி என்று வெளியே தண்ணீர் நிற்கும். மழை பொய்த்தால் வீட்டுக்குள் டிரம்களின் எண்ணிக்கை கூடும். 2016ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது, 2017ன் முதல் பாதி முழுக்கத் தமிழ்நாடு தண்ணீருக்குத் தவித்தது, அந்த வருஷம்தான் மாநிலத்தில் 23,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று அரசுக் கணக்கே சொன்னது, 65 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு 2012ல் 12,000க்கு மேல், இறப்பு 66. அந்த முறை திருநெல்வேலிச் சீமையில், குறிப்பாகக் கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல் படுத்தியதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, வைரஸின் வகை மாறுவது, எத்தனை பேருக்கு முன்பே வந்திருக்கிறது என்பது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் டிரம் குறையும், டிரம் குறைந்தால் கொசு குறையும், இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒழுங்கான குடிநீர் விநியோகம் டெங்குத் தடுப்பில் சேர்த்தி என்று எந்த விழிப்புணர்வு ஊர்வலத்திலும் பேனர் பிடித்து நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசை.

சரி, குழாய் சரியாகும் வரை என்ன செய்வது? உங்கள் ஊரில் தண்ணீர் வருகிற நாள் தெரியும்தானே, அதையே தேய்க்கும் நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் டிரம் காலியாகித்தான் இருக்கும், அடியில் மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேய்த்துவிட்டு, அப்புறம் பிடியுங்கள். தனியாக ஒரு ‘உலர் தினம்’ கடைப்பிடிக்கச் சொன்னால் மறந்துபோகும், தண்ணீர் பிடிக்கிற நாளை யாரும் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது மூடி. டிரம்மோடு வருகிற பிளாஸ்டிக் மூடி கொஞ்ச நாளில் நெளிந்துவிடும், ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி விழும். கொசுவுக்கு அது தாராளம். இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கிற அந்த இடம் அதற்கு இன்னும் பிடிக்கும். பழைய வேட்டித் துணியை ஒற்றையாகப் போட்டு, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். மூடியை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். தூக்கிக் கவிழ்க்க முடியாத சிமெண்ட் தொட்டிக்கும் கிணற்றுக்கும் கம்பூசியா, கப்பி மீன்கள் இருக்கின்றன, புழுவைப் பொறுக்கித் தின்றுவிடும். மீன் எங்கே கிடைக்கும் என்று உங்கள் சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள்.

அப்புறம் அந்த அபேட், கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீரில் ஊற்றுகிற மருந்து. பணியாளர் ஊற்றிவிட்டுத் தெரு திரும்புவதற்குள் முழுத் தண்ணீரையும் கொட்டிவிடுகிற வீடுகள் நிறைய, வாசனை அடிக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்ற பயம். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுதான் அது, குடிநீரில் அந்த அளவு போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் தனியாக மூடி வைத்த தண்ணீர் இருக்கிறது, இது புழங்குகிற தண்ணீருக்கு மட்டும் என்று அந்தப் பெண் ஒரு நிமிஷம் நின்று சொன்னால் பாதி வீடுகளில் கொட்ட மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு இருக்கிறது, அவசரப்படுகிறார். தினக்கூலியில் வெயிலில் அலைகிற அந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் நேரத்துக்கு வராததைப் பற்றிச் செய்தி வருகிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்த நோயைத் தடுப்பதில் அவர்களை விட முக்கியமான ஆள் யாரும் இல்லை.

எங்கள் தெருவில் நாலைந்து பேருக்கு டெங்கு. புகை மருந்து அடிக்கச் சொல்லி கவுன்சிலரிடம் கேட்டு அலுத்துவிட்டோம். தினமும் அடித்தால்தான் என்ன?
— கடைக்காரர், மதுரை

காய்ச்சல் கண்ட தெருவில் அடிக்கத்தான் வேண்டும், கேளுங்கள். வைரஸோடு பறந்துகொண்டிருக்கிற கொசுவை அப்போதைக்குக் குறைக்க அது உதவும். ஆனால் புகை கொல்வது பறக்கிற கொசுவை மட்டும்தான், தண்ணீரில் கிடக்கிற புழுவையோ சுவரில் ஒட்டிய முட்டையையோ அது தொடாது, இரண்டு மூன்று நாளில் அடுத்த தொகுதி கிளம்பிவிடும். ஏடிஸ் தெருவில் இருப்பதும் குறைவு, கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், அலமாரிச் சந்தில் உட்கார்ந்திருக்கும். புகை வண்டி சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? கதவு ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்துகிறோம், கொசு உள்ளே பத்திரமாக இருக்கிறது. புகை அடிக்க வந்தால் சாப்பாட்டுப் பொருளை மூடிவிட்டு, குழந்தைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்விட்டு, கதவைத் திறந்து வையுங்கள். அன்றைக்கே உங்கள் கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிற காலி டின்களையும் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் அதிக தூரம் போகிற கொசு கிடையாது, பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே காலம் கழிக்கும். உங்கள் தெருவில் கடிக்கிற கொசு உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ பிறந்ததுதான்.

நிலவேம்புக் குடிநீர் குடித்தால் டெங்கு வராதா? பப்பாளி இலைச் சாறு ரத்தத் தட்டணுவை (பிளேட்லெட்டை) ஏற்றும் என்கிறார்களே, உண்மையா?
— கல்லூரி மாணவி, சேலம்

நிலவேம்புக் குடிநீர் சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட பழைய சூரணம், நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு எல்லாம் சேரும். அரசே 2012லிருந்து ஊர் ஊராக விநியோகித்திருக்கிறது. ஆனால் ஒரு டம்ளர் குடித்துவிட்டால் டெங்கு வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அப்படி நிரூபணம் ஆகவில்லை. பப்பாளி இலைக்கு, தட்டணு கொஞ்சம் சீக்கிரம் ஏறியது என்று சில சின்ன ஆய்வுகள் உண்டு, உயிரைக் காப்பாற்றியது என்று ஒன்றும் இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு அந்தக் கசப்பைப் புகட்டி இன்னும் வாந்தி எடுக்க வைப்பதைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கவலை ஒன்றுதான். பேருந்து நிலையத்தில் அண்டா வைத்துக் குடிநீர் ஊற்றுகிறபோது, வாங்கிக் குடித்தவருக்குத் தன் கடமை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த அண்டா பக்கத்திலேயே ஒரு ஆள் நின்று, ‘வீட்டு டிரம்மை எப்போது கடைசியாகத் தேய்த்தீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே ஊற்றினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

என் மகளுக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்து நேற்று இறங்கிவிட்டது. ஆனால் சோர்ந்து சுருண்டு படுத்திருக்கிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பள்ளிக்கு அனுப்பலாமா?
— தஞ்சாவூர்

இந்தக் கேள்வி வந்த அன்றே பத்திரிகை அலுவலகத்திலிருந்து இவருக்கு ஃபோன் செய்து உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன், தயவு செய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கிறபோது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குமே, அந்த நேரத்தை ஒட்டி ஒன்று இரண்டு நாளில்தான் வரும். ரத்தக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியே போய்விடும், நாடித்துடிப்பு தளரும், கை கால் சில்லிடும். தொடர்ந்து வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், ஒரேயடியாகச் சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும்போது கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று கொடுத்துக்கொண்டே இருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இப்யூபுரோஃபன், டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். மெடிக்கல் ஷாப்பில் ‘காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் ஏதாவது கொடுங்கள்’ என்று வாங்குகிற கலர் மாத்திரைக் கலவையில் இது இருக்கலாம், அங்கே வாங்காதீர்கள்.

தட்டணு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இன்னொரு பெரிய தொல்லை. எண்பதாயிரம் என்று ரிப்போர்ட் வந்ததும் ரத்ததானக் குழுக்களுக்கெல்லாம் செய்தி பறக்கிறது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு அந்த எண்ணிக்கையில் தட்டணு ஏற்றத் தேவையே இல்லை. மருத்துவர் கவலையோடு பார்ப்பது ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று காட்டுகிற இன்னொரு எண்ணையும், ரத்த அழுத்தத்தையும், சிறுநீர் அளவையும். தட்டணு என்ற ஒரு சொல்லை மட்டும் மக்கள் மனதில் பதிய வைத்த டிவிச் செய்திகள், காய்ச்சல் விட்ட பிறகு கவனமாக இருங்கள் என்பதை அதே அளவு திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் எத்தனையோ குழந்தைகள் நேரத்தோடு வந்து சேர்ந்திருக்கும்.

விழிப்புணர்வுக் குறும்படம் எடுக்கப்போகிறோம். இறந்த குழந்தையின் தாய் அழுவதைக் காட்டினால் மக்கள் மனதில் தைக்கும் என்கிறான் நண்பன். பயமுறுத்துவது சரியா?
— ஊடகத் துறை மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, பயம் மட்டும் காட்டி விட்டால் பார்க்கிறவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். ‘நமக்கெல்லாம் வராது’ என்று சேனலை மாற்றுவார், இல்லை லேசான காய்ச்சலுக்கே மூன்று மருத்துவமனைக்கு ஓடுவார். டிரம்மைத் தேய்க்க எழுந்து போக மாட்டார். பயத்தோடு கூடவே கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அது பயன்படும்.

நிகரகுவாவின் மனாகுவா நகரிலும் மெக்ஸிகோவின் குரெரோ மாநிலத்திலும் ‘காமினோ வெர்தே’ என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2015ல் முடிவு வெளிவந்தது. பாதிக் குடியிருப்புகளில் வழக்கமான அரசு வேலை மட்டும், மறு பாதியில் அதோடு கூட அந்தந்த ஊர் ஆட்களே வீடு வீடாகப் போய், அந்த வீட்டுத் தண்ணீரில் இருக்கிற புழுவை அந்த வீட்டாருக்கே காட்டி, என்ன செய்யலாம் என்று அவர்களையே முடிவெடுக்க வைத்தார்கள். மூடுவதா, மீன் விடுவதா, தேய்ப்பதா, அவர்கள் பாடு. அப்படிச் செய்த இடங்களில் குழந்தைகளிடம் புதிதாக டெங்குத் தொற்று கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்திருந்தது. முழுசாக ஒழியவில்லைதான், ஆனால் பேச்சும் டார்ச் லைட்டும் மட்டும் வைத்து முப்பது சதவீதம் என்பது சாதாரணமில்லை. படத்தில் தாயின் கண்ணீருக்குப் பதில் அந்தப் புழுவைக் கிட்டத்தில் காட்டுங்கள், அப்புறம் ஒரு கை விளிம்பைத் தேய்ப்பதை வெட்டாமல் முழுசாகக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் பத்துப் பேர் படுத்துக் கிடக்கும்போது அதிகாரிகள் டெங்கு என்று சொல்லத் தயங்க, பேப்பரில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று போடுகிறார்களே, எந்தக் குறும்படத்தாலும் சரிசெய்ய முடியாத சேதம் அதனால் நடக்கிறது. எண்ணிக்கையை மறைக்கிறவர் சொல்கிற அறிவுரையை எவரும் நம்ப மாட்டார். உள்ளதை உள்ளபடி முதலில் சொல்லிவிட்டால் மக்கள் கேட்பார்கள்.

இங்கே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வளவுக்குள் நுளம்புக் குடம்பி (கொசுப்புழு) கண்டால் வழக்குப் போடுவார், கோர்ட்டில் தண்டம் கட்ட வேணும். பயம் இருந்தால்தான் சனம் துப்பரவாக இருக்கும் என்கிறார்கள். உங்கள் கருத்து?
— யாழ்ப்பாணம்

இலங்கையில் 2007லேயே நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 2017ல் 1,86,000 பேருக்கு டெங்கு சந்தேகம் என்று பதிவானது, நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அந்த நாடு கண்டதிலேயே மோசமான வருஷம். சட்டம் தேவைதான். கட்டடம் கட்டுகிற இடத்தில் லிஃப்ட் குழியில் மாதக்கணக்காகத் தண்ணீர் நிற்க விடுகிற ஒப்பந்தக்காரர், பூட்டிக் கிடக்கிற வளவின் சொந்தக்காரர், டயர் கிடங்கு வைத்திருப்பவர், இவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. வீடுகளில் கதை வேறு. முதல் வருகையிலேயே தண்டம் என்றால் அடுத்த முறை படலையைத் திறக்கவே மாட்டார்கள். முதல் தடவை புழுவை வீட்டாருக்கே காட்டி, இரண்டாம் தடவை எச்சரித்து, மூன்றாம் தடவை வழக்குப் போடட்டும்.

சிங்கப்பூரில் இத்தனை ஒழுங்காக எல்லாம் செய்தும் டெங்கு வருகிறதே, பிறகு என்ன பயன் என்று தோன்றுகிறது.
— சிங்கப்பூர்

உங்கள் ஊரில் 2020ல் 35,000 பேருக்கு மேல் வந்தது, அதுவரை அங்கே பதிவானதிலேயே அதிகம். வெப்பமும் ஈரமும் வருஷம் முழுக்க இருக்கிற, நெருக்கமாக வாழ்கிற ஊர், அதோடு பல வருஷம் கட்டுக்குள் வைத்திருந்ததால் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் குறைவு. பயனில்லை என்று சொல்லாதீர்கள், அங்கே சொல்கிற விதத்திலிருந்து நாங்கள் கற்க நிறைய இருக்கிறது. புளோக்குக்குக் கீழே பதாகை கட்டுகிறார்கள், பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், புதிதாக யாருக்கும் இல்லை என்றால் பச்சை. தன் புளோக்கின் நிறம் தெரிந்தவர் இரவு வாளியைப் பார்ப்பார். சொல்கிற வேலைகளும் துல்லியம்: தொட்டி மண் இறுகியிருந்தால் கிளறுங்கள், தொட்டித் தட்டைத் தூக்கிக் கொட்டுங்கள், வாளியைக் கவிழ்த்து விளிம்பைத் துடையுங்கள், பூச்சாடித் தண்ணீரை மாற்றுங்கள், கூரைத் தண்ணீர் ஓடும் பாதையில் அடைப்பை எடுங்கள். ‘விளிம்பைத் துடையுங்கள்’ என்று எழுதியவருக்கு ஏடிஸைத் தெரிந்திருக்கிறது.

டெங்குவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதா? வந்தால் இந்தத் தேய்க்கிற வேலையெல்லாம் மிச்சம்தானே?
— திருச்சி

சில நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கின. டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு, ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் இந்த ஊசி செய்வது இவ்வளவு சிரமம். பிலிப்பைன்ஸில் 2016லிருந்து எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள், 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே, முன்பு டெங்கு வராதவர்களுக்கு இதைப் போட்டால் பின்னால் கடுமையாகலாம் என்று அறிவித்தது. பெற்றோர் கொதித்துப் போனார்கள், மற்ற ஊசிகளின் மேலும் நம்பிக்கை சரிந்தது, 2019ல் அங்கே தட்டம்மை பரவியது. அவசரப்படாமல் சோதித்து, தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே சொல்லிப் போட வேண்டும். எத்தனை நல்ல ஊசி வந்தாலும் சிக்குன்குனியாவும் ஜிகாவும் அதே ஏடிஸ் மூலம்தான் வருகின்றன, தேய்க்கிற தேங்காய் நாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளர். ‘டெங்குவைத் தடுப்போம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் கட்டைவிரல் போடுகிறார்கள், ஒருவரும் எதுவும் செய்வதில்லை. எப்படி எழுதலாம்?
— வேளச்சேரி

அந்த வரியில் செய்வதற்கு எதுவும் இல்லையே, ஐயா. இப்படிப் போட்டுப் பாருங்கள்: ‘ஞாயிறு காலை ஒன்பது மணி. ஃப்ரிட்ஜ் பின்தட்டு, பால்கனிச் செடித் தட்டு, குளியலறை வாளி மூன்றையும் கொட்டி விளிம்பைத் தேய்த்துவிட்டு, வீட்டு எண்ணைப் போடுங்கள். புழு இருந்தால் அதைக் கொட்டுவதற்கு முன் படம் எடுத்துப் போடுங்கள்.’ முதல் வாரம் ஒருவர் புழுப் படம் போட்டுவிட்டால் அடுத்த வாரம் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியிருக்காது. போட்டவரை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, ஒரு கேலி வந்தால் போதும், அதற்கப்புறம் எல்லோரும் மறைத்துவிடுவார்கள்.

பொது இடங்களை யார் தலையிலும் பொதுவாகக் கட்டாதீர்கள். மொட்டைமாடித் தொட்டியின் மூடி, சம்ப் மூடி, லிஃப்ட் குழி, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளை அவர் ஒப்புதலோடு நியமித்து, மொட்டைமாடிச் சாவியும் பூட்டிய வீடுகளின் சாவியும் யாரிடம் இருக்கின்றன என்பதை அதே செய்தியில் எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, கழிப்பறைத் தொட்டியில் தண்ணீரை வடித்துவிட அனுமதி வாங்கி வையுங்கள்.